மாத்திரை போகும் வழி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்துறையில் என் அனுபவங்கள்" என்று பேசச் சொன்னார்கள். பம்ப், வால்வு பற்றிப் பேச நம்ம பேட்ச்சிலேயே பத்துப் பேர் இருக்காங்க. நான் எங்கப்பா சட்டைப் பையில் இருக்கிற ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசுகிறேன். மெக்கானிக்கல் படித்தவனுக்கு மருந்து பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் ஒன்றும் தெரியாதுதான்.

அப்பா தேரடி வீதிப் பக்கம் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். முதலில் மாறியது கணக்கு நோட்டு. எழுத்து வர வரச் சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி மாற்றினோம். அப்புறம் வலது கை நடுக்கம். பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவர், வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். பார்க்கின்சன் நோய் என்றார் நரம்பியல் டாக்டர்.

மூளையில் டோபமைன் என்ற பொருள் குறைவதால் வரும் தொல்லை இது. டோபமைன், ஃபெனெத்திலமைன் குடும்பத்துப் பிள்ளை. ஒரு பென்சீன் வளையம், அதிலிருந்து இரண்டு கார்பன் நீளத்துக்கு ஒரு வால், வால் நுனியில் ஒரு நைட்ரஜன். அட்ரினலின் அதே குடும்பம். வீசிங்குக்கு உறிஞ்சுகிறோமே, அந்த சால்பியூட்டமாலும் உறவுதான்.

இந்தக் குடும்பத்தை உடம்பு நீண்ட நேரம் நடமாட விடாது. இரண்டு நொதிகள் காவலுக்கு நிற்கின்றன. மோனோஅமைன் ஆக்சிடேஸ் வால் நுனியின் நைட்ரஜனைக் கழற்றிவிடும். 1928இல் கேம்பிரிட்ஜில் மேரி ஹேர் என்ற பெண்மணி ஈரலில் இதைக் கண்டுபிடித்தார். இன்னொன்று, சுருக்கமாக காம்ட். அது வளையத்தில் உள்ள ஆக்சிஜனில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிவைத்துச் செயலிழக்கச் செய்யும். இதைக் கண்டவர் ஜூலியஸ் ஆக்சல்ராட். 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இரண்டும் வேலையை முடித்தால் டோபமைன் வேறு பொருளாகிச் சிறுநீரில் போய்விடும். (சாக்லேட்டில் ஃபெனெத்திலமைன் இருக்கிறது, சாப்பிட்டால் காதல் வரும் என்று சொல்வார்கள். குடலிலும் ஈரலிலுமே அதன் கதை பெரும்பாலும் முடிந்துவிடும். தம்பிகள் காசை மிச்சப்படுத்தலாம்.)

அப்படியானால் டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது நுழையாது. அதன் மூலப்பொருளான லெவோடோபா நுழையும். ஆனால் அதையும் வழியிலேயே டோபமைனாக மாற்ற இன்னொரு நொதி காத்திருக்கிறது. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போவதற்குள் ஆளாளுக்கு மடை திறந்துகொண்ட மாதிரி. தனியாகக் கொடுத்தால் நூற்றுக்கு ஓரிரண்டு பங்குதான் மூளைக்குப் போய்ச் சேரும். அதனால்தான் அப்பாவின் மாத்திரையில் 100 மில்லிகிராம் லெவோடோபாவோடு 10 மில்லிகிராம் கார்பிடோபாவும் இருக்கிறது. அது வழியில் உள்ள மடையை அடைக்கும்; தான் மூளைக்குள் போகாது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. யார் டிசைன் பண்ணாங்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

இவ்வளவு இருந்தும் மத்தியானம் ஆனால் அப்பா சிலையாகிவிடுவார். காலண்டர் பின்பக்கத்தில் அம்மாவை நேரம் குறிக்கச் சொன்னேன். பத்து நாளில் தெரிந்துவிட்டது: பருப்பும் தயிரும் போட்டுச் சாப்பிட்ட கையோடு மாத்திரை. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் உள்ளே நுழைவது ஒரே வாசல் வழியாக. கூட்டத்தில் மாத்திரை வெளியே நின்றுவிட்டது. டாக்டரைக் கேட்டு, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் மாத்திரை, சுண்டல் வகையறா ராத்திரிக்கு என்று மாற்றினோம். மத்தியானத்தில் பாதி திரும்பக் கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்தார். "நாட்டு மருந்துடா, ஒண்ணும் செய்யாது" என்றார். நாலு நாளில் அப்பாவின் கழுத்தும் கையும் தாமாக நெளிய ஆரம்பித்தன. எழுந்தால் தலைசுற்றல். சித்தப்பாவிடம் நான் பேசிய பேச்சை இங்கே சொல்ல முடியாது. மூட நம்பிக்கை என்று சொன்னேன்.

பிறகு படித்துப் பார்த்தால் தலைகுனிவு எனக்குத்தான். 1937இலேயே, சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இதே டோபாவைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். மூளையில் டோபமைனுக்கு வேலை உண்டு என்று கார்ல்சன் காட்டியது அதற்கு இருபது வருஷம் கழித்து. பார்க்கின்சன் நோயாளிகள் மூளையில் அது குறைகிறது என்று ஹோர்னிகீவிச் வியன்னாவில் கண்டது 1960. நம்ம சேப்பாக்கத்தில் மருந்து பாட்டிலில் இருந்தது, நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரியாது. 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு இந்த விதைப் பொடியைக் கொடுத்துப் பார்த்தபோது, மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்ததாம்.

சித்தப்பா மருந்தில் தப்பில்லை, அளவில்தான் தப்பு. ஒரு கரண்டிப் பொடியில் டோபா எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? போதாததற்கு, மாத்திரையில் இருந்த கார்பிடோபா பொடியின் டோபாவுக்கும் சேர்த்து மடையை அடைத்துவிட்டது. டாக்டர் பொடியை நிறுத்தச் சொன்னார். நான் சித்தப்பா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார், சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

இப்போது அப்பாவுக்கு ரசாஜிலினும் சேர்ந்திருக்கிறது. மூளையில் டோபமைனை உடைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-பி என்ற வகையைத் தடுப்பது. இதை யார் வீட்டிலாவது சாப்பிட்டால், இருமல் என்று கடையில் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் உள்ள சிரப் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் சேரக் கூடாது. மெடிக்கல்காரரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

போன மாதம் பௌர்ணமிக்கு வந்திருந்தேன். அப்பா நாலரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டார். ஐந்தே காலுக்கு ராஜகோபுரத்திலிருந்து கிளம்பினோம். அக்னி லிங்கம் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். ரமணாசிரமம் தாண்டியதும் நடை சிறுத்தது. "இன்னாடா, அடுத்த மாத்திரைக்கு இன்னும் எவ்ளோ நேரம்?" என்றார். ஒரு மணி நேரம் இருந்தது. எம லிங்கம் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு போய், அங்கே ஆட்டோ பிடித்தோம்.