உள்ளூர்க் கடையே உண்மையான மலிவு

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அறிவார்ந்த நண்பர்களே, அயோத்தியாப்பட்டணத்துப் பெருமக்களே, பகலெல்லாம் ஏணியிலும் பரணிலும் நின்று உழைத்துவிட்டு இரவு இந்த அவைக்கு வந்து அமர்ந்திருக்கும் எலக்ட்ரீசியன் தோழர்களே!

மின்வேலை செய்வோருக்குச் சாமான்கள் மலிவாகக் கிடைப்பது வெளியூர் மொத்தக் கடையிலா, உள்ளூர்க் கடையிலா என்பது இன்றைய வழக்கு. உள்ளூர்க் கடையிலேதான் என்னும் கட்சிக்காக வாதாட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், சேலம் நகரத்துக் கடைவீதியைக் காட்டினார். தில்லி சாந்தினி சௌக்கில் உள்ள பகீரத் பேலஸ் என்னும் மாபெரும் மின்பொருள் சந்தையை வருணித்தார். கடைசியில் தம் கைப்பேசியையே உயர்த்திப் பிடித்து, உலகத்து விலையெல்லாம் இதற்குள் அடக்கம் என்றார். அவர் சொன்ன விலைகளில் பொய் இருக்கிறது என்று நான் வாதிக்கப் போவதில்லை. மொத்தமாக வாங்குகிறவனுக்கு ஒயர்க் காயில் ஒன்றுக்குச் சில ரூபாய் குறைகிறது என்பது பிரத்தியட்சம். ஆனால், அந்தச் சில ரூபாய் எலக்ட்ரீசியனுடைய பையில் தங்குகிறதா, வழியிலேயே கரைந்து போகிறதா என்பதல்லவோ நாம் ஆராய வேண்டிய விஷயம்!

நடுவர் அவர்களே, விலை என்பது என்ன? கடைக்காரர் எழுதித் தரும் பில்லின் அடியில் நிற்கும் தொகையை மட்டும் விலை என்று கொள்வது பழக்கதோஷம். சாமானைத் தேடிப் போன பிரயாணச் செலவும், போன நேரத்தில் இழந்த கூலியும், மிஞ்சிய பொருளைத் திருப்ப முடியாமல் மூலையில் போட்டுவைத்த நஷ்டமும், தரம் குறைந்த சரக்கால் மறுபடியும் செய்ய நேர்ந்த வேலையும் ஆகிய இவை அனைத்தையும் கூட்டி, வேலை முடிந்து வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டு விளக்கு எரியும் நிமிஷத்தில் என்ன தொகை வருகிறதோ, அதுவே ஒரு பொருளின் மெய்யான விலை. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எதிரணியினர் காட்டிய மூன்று இடங்களையும் பார்ப்போம்.

முதலில் சேலத்தை எடுத்துக்கொள்கிறேன். இங்கிருந்து நகரம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். மாசிநாயக்கன்பட்டியில் ஒரு வீட்டில் இரண்டு அறைக்கு வயரிங் செய்யும் தோழர் ஒருவருக்கு இரண்டு காயில் ஒயரும், ஒரு கேங் பாக்ஸும், நாலு பெண்டும் தேவைப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். காயிலுக்கு 40 ரூபாய் குறைவு என்றே கொண்டாலும் மிச்சம் 80 ரூபாய். அதற்காக அம்மாபேட்டை நெரிசலைத் தாண்டி நகரத்துக்குச் சென்று, கூட்டத்தில் நின்று சரக்கு வாங்கித் திரும்புவதற்குள் அரைநாள் போய்விடுகிறது, பெட்ரோலும் தீர்கிறது, உடன் வந்த உதவியாளர் வேலையின்றி உட்கார்ந்திருந்தாலும் அவருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இத்தகைய வியாபாரத்தைக் கண்டுதான். பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை செய்கிறவனுக்கு நேரமே மூலதனம். அதைச் செலவழித்து வாங்கிய மலிவை மலிவு என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

இன்னொரு காட்சியையும் எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் வாழப்பாடியும், ஒருபுறம் அரூரும், ஒருபுறம் குப்பனூர் வழியாக ஏற்காடுமாக வழிகள் பிரியும் இந்த ஊரைச் சுற்றிலும், ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை நம்பியே தோட்டங்கள் பிழைக்கின்றன. கோடையில் ஸ்டார்ட்டரின் காயில் கருகி மோட்டார் நின்றுவிட்டால், அந்த விவசாயி எலக்ட்ரீசியனிடம் தள்ளுபடியைப் பற்றிக் கேட்கமாட்டார்; தண்ணீர் எப்போது வரும் என்றுதான் கேட்பார். அந்த வேளையில் ஐந்து நிமிஷத்தில் ரிலேயும் கான்டாக்டரும் எடுத்துக் கொடுக்கிற கடைதான் அவருக்கு மலிவான கடை. மூன்று நாள் கழித்துப் பார்சல் வரும் என்று சொல்லுகிற கைப்பேசி, பாதி விலைக்கே தந்தாலும் அவருக்குப் பிரயோஜனமில்லை.

சாமானுக்கு நகரத்தை நாடும் பழக்கம் எங்கிருந்து வந்தது? மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்து, 1937-இல் அங்கே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய அந்த நாளில், விளக்குப் போட்ட வீடுகள் பெரும்பாலும் நகரத்தில் இருந்தன. ஆகவே, மின்சாமான் கடையும் நகரத்தில் இருந்தது பொருத்தமே. இன்று குடிசை வரைக்கும் மின்சாரம் வந்துவிட்ட பிறகும், சாமானுக்கு மட்டும் நகரத்தையே நாட வேண்டும் என்று சொல்வது, எண்பது வருஷத்துக்கு முந்திய நிலைமைக்குப் பொருந்திய உபதேசம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அடுத்தபடியாக, வழக்கின் உயிர்நிலையான தரத்துக்கு வருகிறேன். ஒயரின் விலை என்பது பெரும்பகுதி அதற்குள் இருக்கும் செம்பின் விலைதான். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 90 மீட்டர் கொண்ட ஒரு காயிலில், சொன்ன அளவு முழுமையாக இருந்தால், ஏறக்குறைய 1 கிலோ 200 கிராம் செம்பு இருக்கவேண்டும். தூத்துக்குடியில் செம்பு உருக்காலை 2018-இல் மூடப்பட்ட பிறகு, நம் தேசம் செம்பை ஏற்றுமதி செய்வதைக் காட்டிலும் இறக்குமதி செய்வது அதிகமாகிவிட்டது. ஆகவே செம்பின் விலை உலகச் சந்தையில் ஏறினால் இங்கேயும் ஏறும், இறங்கினால் இங்கேயும் இறங்கும். செம்பின் விலை தில்லிக்காரருக்கு ஒன்று, சேலத்துக்காரருக்கு ஒன்று என்று இல்லாதபோது, ஒருவர் மட்டும் ஊர் விலையில் முக்கால் பங்குக்கு ஒயர் தருகிறார் என்றால், எஞ்சிய கால் பங்கு எங்கிருந்து குறைந்தது? செம்பிலிருந்துதான் குறைந்திருக்க வேண்டும்! செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அந்த ஒயரின் மின்தடை கால் பங்கு கூடுகிறது. அதே மின்னோட்டத்துக்கு வெப்பமும் கால் பங்கு அதிகமாகிறது. சுவருக்குள் பைப்பில் புதைந்து கிடக்கும் அந்தச் சூடு, குழந்தைகள் உறங்கும் அறையின் மெத்தைக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது என்பதை எதிரணி நண்பர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

அரசாங்கம் இதை உணர்ந்தே, 2003-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணையின் மூலம் மின் ஒயருக்கும் சுவிட்சுக்கும் எம்.சி.பி.க்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிற்று. வீட்டு ஒயருக்கு ஐ.எஸ். 694 என்னும் தர விதி உண்டு. முத்திரையோடு அச்சிட்டிருக்கும் உரிம எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் இட்டால், அது மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும். ஆனால், பொய் என்று தெரிந்த பிறகு யாரிடம் போய் முறையிடுவது? முகம் தெரியாத விற்பனையாளரிடம் வாங்கியவன் திக்குத் தெரியாமல் நிற்பான். உள்ளூர்க் கடைக்காரரோ நாளைக்கும் இதே வீதியில் கடை திறந்தாக வேண்டியவர். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாமும் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரும் வந்து நிற்கும் உறவு இது. அந்த லஜ்ஜையும் பரஸ்பர நம்பிக்கையும் சட்டத்துக்குத் துணையாக நிற்கும் காவல்.

"பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம்" என்று ஆசை காட்டுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஒயருக்கும் சுவிட்சுக்கும் முதலில் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2017 நவம்பரில் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த 18 சதவீதத்திலிருந்து தப்பிக்க நினைத்துப் பில்லைத் துறந்தவர், உத்தரவாதத்தையும் துறக்கிறார். நுகர்வோர் ஆணையத்தின் படியேறும் பலத்தையும் இழந்துவிடுகிறார். இந்த யுக்தி எந்த ஊரில் நடந்தாலும் தவறுதான். உள்ளூர்க் கடையில் நடந்தாலும் நான் அதற்குப் பரிந்து பேசமாட்டேன்.

ஆகவே உள்ளூர்க் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அட்டைப் பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. ஒன்று, உண்மையில் விற்கும் விலை வேறொன்று என்று இந்த வியாபாரத்தில் வழங்கும் சம்பிரதாயத்தால், விவரம் தெரியாதவர் ஏமாறுகிறார். வரி சேர்த்து நிகர விலை இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே விதமாகச் சொல்லுங்கள். எலக்ட்ரீசியனுக்குக் கமிஷன் கொடுத்துவிட்டு, அதை வீட்டுக்காரர் தலையில் ஏற்றும் வழக்கத்தை நிறுத்துங்கள். தோழர்களே, நீங்களும் அந்தக் கமிஷனை நாடாமல், உங்கள் கூலியை நியாயமாக உயர்த்திக் கேளுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

எதிரணியினரிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஆக்ஷேபம்: பெரிய வீட்டுக்கு முழு வயரிங் என்றால், மொத்த விலையின் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வருமே என்பது அது. அதற்கும் வழி உண்டு. அந்த வழியைத் தமிழ்நாடு 1904-லேயே கண்டுவிட்டது. அந்த வருஷம் திருவல்லிக்கேணியில் சாமானியக் குடும்பத்தார் சிலர் கூடி, தங்கள் தேவைகளை ஒன்றாகச் சேர்த்து வாங்குவதற்காகத் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை, தனிமனிதனுக்குக் கிடைக்காத விலை சங்கத்துக்குக் கிடைக்கும் என்ற உண்மையை நிலைநாட்டியது. இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலை செய்யும் எலக்ட்ரீசியன்கள் தங்கள் மாதத் தேவையை ஒரே பட்டியலாக்கி, நம்பிக்கையுள்ள ஓர் உள்ளூர்க் கடையின் மூலமாக வாங்கினால், அந்தக் கடைக்காரரே மொத்த வியாபாரியிடம் பேரம் பேசும் பலத்தைப் பெறுவார். மொத்த விலை நம் வீதிக்கு வரும். மிஞ்சிய பைப்பையும் பிரிக்காத காயிலையும் மறுநாளே திருப்பிக் கொடுக்கலாம். வீட்டுக்காரர் பணம் தரும்வரை கணக்கில் எழுதிக்கொள்ளும் சௌகரியமும் கூடவே கிடைக்கும். பகீரத் பேலஸில் எந்த வியாபாரி நமக்குக் கணக்கு வைத்துக் கடன் தருவார்?

நடுவர் அவர்களே, ராஜதானிச் சந்தை பெரிய வியாபாரிக்கு உரியது. இணைய வணிகம் அவசரமில்லாதவருக்கு உரியது. கூலியை நம்பி, நேரத்தை நம்பி, ஊரின் நம்பிக்கையை நம்பி வாழும் எலக்ட்ரீசியனுக்கு, முத்திரையுள்ள சரக்கைப் பில்லோடு தருகிற உள்ளூர்க் கடையே முடிவான கணக்கில் மலிவானது. இதைத் தாங்கள் சீர்தூக்கி, எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்கவேண்டும் என்று வேண்டுகிறேன். தோழர்களே, தீர்ப்பு எவ்வாறு அமைந்தாலும், நாளைக் காலையில் வாங்கும் முதல் காயிலிலேயே முத்திரையைப் பாருங்கள், பில்லைக் கேளுங்கள், கூட்டாக வாங்கப் பழகுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.