தரிசு நிலத்துத் தவம்



பெரியோர் வரலாறு என்றதும் போர்க்களமும் பொதுமேடையும் சிறைவாயிலும் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று இங்கு நினைக்கப்படும் வாழ்வில் இவற்றுள் ஒன்றும் இல்லை. 91 ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றுள் இறுதி 36 ஆண்டுகளை ஒரே மதிலுக்குள் கழித்த ஓர் அமைதியான குடும்பத் தலைவரின் வாழ்வு அது. பிரான்சு நாட்டுப் பூச்சியியல் அறிஞரும் எழுத்தாளருமான ஜீன் ஹென்றி ஃபாபரே அவர்.

தென் பிரான்சின் சேன் லியோன் என்னும் மலைச் சிற்றூரில், 1823 டிசம்பரில், வறிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். உதவித்தொகை பெற்று ஆசிரியப் பயிற்சியை முடித்தார். இருபது வயது நிறையுமுன்பே பள்ளி ஆசிரியரானார். 1844-இல் மணம் புரிந்தார். முதல் இரு குழந்தைகளும் மழலைப் பருவத்திலேயே மறைந்தன. குறைந்த ஊதியம், பெருகிய குடும்பம், ஓயாத பாடவேளை ஆகியவற்றுக்கிடையே எஞ்சிய விடுமுறை நாள்களே அவருக்குரியவை. அந்நாள்களில் அவர் வெயிலில் மணற்சரிவுகளின்முன் அமர்ந்து குளவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வையின் பயன் தமிழ் பயில்வோர்க்குத் தனிச்சுவை உடையது. குளவியானது புழுவைக் கொட்டிக் கொட்டித் தன் வடிவாக்கிவிடும் என்பது நம் சமய இலக்கியங்களில் குருவருளுக்கு உவமையாக நெடுங்காலம் ஆளப்பட்ட செய்தி. மண்கூட்டுக்குள் புழு செல்வதையும் பின்னர்க் குளவி வெளிவருவதையும் கண்ட முன்னோர், இடையில் நிகழ்ந்ததை உய்த்துணர்ந்து கூறினர். ஃபாபரோ அந்த இடைவெளிக்குள் நுழைந்து பார்த்தார். குளவி தன் இரையைக் கொல்வதில்லை. நரம்பு மையத்தில் கொட்டி அசைவறச் செய்கிறது. உயிர் நீங்காத, ஆகவே அழுகாத அவ்வுடலின்மேல் முட்டையிடுகிறது. வெளிவரும் குளவிப்புழு அதனை உண்டு வளர்கிறது. வண்டு வேட்டையாடும் குளவியைப் பற்றி 1855-இல் அவர் வெளியிட்ட இவ்வாய்வு அறிவுலகின் கவனத்தை ஈர்த்தது. உவமையின் அழகு இதனால் குறைந்துவிடவில்லை. ஆயினும் கண் முடிக்காத வேலையைக் கற்பனை முடித்துவைத்தது என்பது தெளிவாயிற்று.

அவிஞ்ஞோன் நகரில் அவர் பணியாற்றியபோது, மாலை வகுப்புகளில் பெண்களுக்கும் அறிவியல் கற்பித்தார். மலர்களில் மகரந்தச் சேர்க்கை நிகழும் முறையை இளம்பெண்களுக்கு விளக்கியது பெருங்குற்றமாகப் பேசப்பட்டது. 1870-இல் ஆசிரியப் பணி போயிற்று. குடியிருந்த வீடும் போயிற்று. ஆங்கில மெய்யியலாளரும் அவருடைய நண்பருமான ஜான் ஸ்டுவர்ட் மில் 3,000 பிராங்கு கடனாக அளித்துக் காத்தார். ஃபாபர் அக்கடனைத் திருப்பிச் செலுத்தினார். அதன்பின் பாடநூல்களும் சிறுவர்க்கான அறிவியல் நூல்களும் எழுதிக் குடும்பத்தைக் காத்தார்.

அடுத்து வந்த இழப்புக்கு ஈடே இல்லை. பூக்களையும் பூச்சிகளையும் தந்தையைப் போலவே நேசித்த மகன் ஜூல், பள்ளிப் பருவத்திலேயே 1877-இல் மறைந்தான். ஃபாபர் இரங்கற்பா எழுதி அமையவில்லை. தாம் வேறுபடுத்திக் கண்ட குளவி வகைகள் மூன்றுக்கு மகனின் பெயரைச் சூட்டினார். மைந்தன் ஓடித் திரிந்த வெளியில் அவன் பெயர் தாங்கிச் சிறகுகள் பறக்கட்டும் என்று எண்ணிய தந்தையின் உள்ளத்தை அச்செயலில் காணலாம்.

1879-இல் செரிஞ்ஞான் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ ஒரு எக்டேர் நிலத்தோடு ஒரு வீட்டை வாங்கினார். கல்லும் முள்ளும் மண்டிய நிலம் அது. 'ஆர்மா' என்று பெயர். அவ்வட்டார மொழியில் தரிசு என்பது அதன் பொருள். உழவனுக்கு உதவாத முட்செடிகளை நாடிக் குளவியும் தேனீயும் வந்தமையால், அவருக்கு அதுவே பொன்விளையும் பூமியாயிற்று. அவ்வாண்டில் தொடங்கி 1907 வரை, 'பூச்சியியல் நினைவுகள்' பத்துத் தொகுதிகளாக வெளிவந்தன.

அந்நூல்களில் குடும்பம் இல்லாத பகுதி அரிது. தொலைவில் கொண்டுபோய் விடப்பட்ட தேனீக்கள் கூடு திரும்புகின்றனவா என்று வீட்டிலிருந்து காவல் காத்தவள் மகள் அக்லே. செவ்வெறும்புகள் சென்ற வழியெங்கும் வெண்கற்களை இட்டுவைத்தவள் சிறுமி லூசி. முதல் மனைவி 1885-இல் மறைந்தபின் அவர் மறுமணம் செய்துகொண்டார். அம்மணத்தில் பிறந்த சிறுவன் பால், ஒரு மே மாத இரவில் உடை பாதி கழன்ற நிலையில் தந்தையை அழைத்துக்கொண்டு ஓடிவந்தான். காலையில் கூடு உடைத்து வெளிவந்த பெண் அந்துப்பூச்சி ஒன்று, கம்பிவலைக் கூண்டுக்குள் இருந்தது. அதனை நாடி ஏறத்தாழ நாற்பது ஆண் பூச்சிகள் இருளைக் கடந்து வீட்டினுள் வந்திருந்தன. மனிதன் நுகர இயலாத மணமே அவற்றை அழைத்தது என்னும் ஆராய்ச்சிக்கு அச்சிறுவனின் கூவலே தொடக்கம். இல்லறம் அவருக்குத் தடையாகவில்லை. உற்றுநோக்கும் கண்களை அது பெருக்கித் தந்தது.

அவர் எங்கும் பிழையாதவர் என்பதன்று. டார்வின் அவரை ஈடற்ற கூர்நோக்காளர் எனப் போற்றினார். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டனர். எனினும் பரிணாமக் கொள்கையை ஃபாபர் இறுதிவரை ஏற்கவில்லை. மரத்தடியில் ஊர்த் திருவிழாவின் வெடிக்குழாய்களை முழங்கச் செய்தும் சிள்வண்டுகள் பாட்டை நிறுத்தாமை கண்டு, அவற்றுக்குக் காது கேளாது என்று கருதினார். அவற்றுக்குச் செவியுறுப்பு உண்டு என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது. ஆயினும் அவர் செய்ததைச் செய்தவாறே எழுதி வைத்தமையால்தான் பின்வந்தோர் அதனைத் திருத்த முடிந்தது. அதே சிள்வண்டுக்கு அவர் நீதியும் வழங்கினார். கதையில் எறும்பிடம் இரந்து நிற்கும் அப்பூச்சி, உண்மையில் மரப்பட்டையைத் துளைத்துச் சாறு பருகுகிறது. அங்கே பறிக்க வருபவை எறும்புகளே என்று கண்டுரைத்தார்.

எளிய நடையில் எழுதியதால் புலமை குறைந்தது எனக் கருதியோரும் இருந்தனர். அவர் நடையை மாற்றவில்லை. தாய்மொழியான ஓக்சித்தான் மொழியில் கவிதைகள் இயற்றினார். 'வண்டுகளின் கவிஞர்' எனும் பெயரையும் விரும்பி ஏற்றார். புகழ் மிகத் தாமதித்தே வந்தது. 1910 ஏப்ரலில் நண்பர்கள் விழா எடுத்தபோது அவருக்கு வயது 86. இலக்கியத்துக்கான நோபல் பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டார், பரிசு கிட்டவில்லை. 1915 அக்டோபர் 11-இல் அந்தத் தரிசு நிலத்து வீட்டிலேயே அமைதியுற்றார். அவ்வீடு பின்னர் அருங்காட்சியகமாயிற்று.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தில் இவரை ஏன் நினைக்க வேண்டும்? கவிஞர்க்குச் சொல் வளம் வேண்டும், உவமை வேண்டும். அவற்றுக்கு முன்னே வேண்டுவது, ஒரு பொருளின் எதிரே அது தன்னைக் காட்டும்வரை அமர்ந்திருக்கும் பொறுமை. முதல் தொகுதி வெளிவந்தபோது ஃபாபருக்கு வயது 55. அதுவரை நாற்பதாண்டுகளுக்கும் குறையாத வறுமையும் துயரும் அவரைச் சூழ்ந்திருந்தன. அவற்றை ஊரறியச் சொல்லி ஆறுதல் தேடாமல், மீண்டும் குளவியின்முன் போய் அமர்ந்தார். ஆரவாரமற்ற அந்த அமர்வே அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம்.