கவிதை எழுதக் கற்ற மூதாட்டி: கொரியப் படங்கள் சில குறித்து



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் அயல்நாட்டுத் திரைப்படங்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் வினா எழலாம். கொரியப் படம் என்றதும் பலர் நினைவுக்கு வருவது 2020-ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் நான்கு விருதுகள் பெற்ற போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்'. அதற்கு இனி எவருடைய பரிந்துரையும் வேண்டியதில்லை. கிம் கி-டுக்கின் பருவங்களைப் பற்றிய படமும் திரைப்படச் சங்கங்களின் வழியே பலர் கண்டதுதான். கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் முதலில் சொல்லப்பட வேண்டிய படம் வேறு. அதன் பெயரே 'கவிதை'. கொரிய மொழியில் 'ஷி'. 2010-இல் வெளிவந்த அதனை எழுதி இயக்கியவர் லீ சாங்-டொங்.

பள்ளியில் கொரிய மொழி கற்பித்து, சிறுகதையும் நாவலும் எழுதி, நாற்பதை நெருங்கும் வயதில் திரைத்துறைக்குள் வந்தவர் அவர். முதற்படம் 1997-இல் வந்தது. 2003-04-இல் தம் நாட்டின் பண்பாட்டுத்துறை அமைச்சராகவும் இருந்தார். அதிகாரத்தின் நாற்காலியில் அமர்ந்து எழுந்த பிறகும் ஒருவர் எழுத்தாளராகவே மிஞ்ச முடியும் என்பதற்கு அரிய சான்று எனலாம்.

'ஷி' ஓர் ஆற்றில் தொடங்குகிறது. கரையில் சிறுவர்கள் விளையாடுகின்றனர். நீரில் ஏதோ மிதந்து வருகிறது. அது பள்ளிச் சீருடை அணிந்த ஒரு சிறுமியின் உடல். அவ்வுடலின் அருகில்தான் 'கவிதை' என்னும் தலைப்பு எழுதப்படுகிறது. இத்தலைப்பை வேறு எங்கு வைத்திருந்தாலும் படம் பொய்யாகியிருக்கும்.

கதைத் தலைவி மிஜாவுக்கு வயது அறுபத்தாறு. வெண்தொப்பியும் பூப்போட்ட உடையும் அணிந்து திரியும் எளிய பெண்மணி. பக்கவாதத்தால் செயலிழந்த முதியவர் ஒருவரைப் பேணும் வேலை செய்து, மகள் விட்டுச்சென்ற பேரனை வளர்க்கிறாள். உள்ளூர்ப் பண்பாட்டு மையத்தில் நடைபெறும் கவிதை வகுப்பில் சேர்கிறாள். ஒரு மாதத்தில் ஒவ்வொருவரும் ஒரு கவிதை எழுத வேண்டும், அவ்வளவே பாடத்திட்டம். ஆசிரியராக வருபவர் கிம் யோங்-டேக் என்னும் உண்மையான கவிஞர். அவர் ஓர் ஆப்பிளைக் கையிலேந்தி, இதனை இதுவரை எவரும் மெய்யாகப் பார்த்ததில்லை என்கிறார். மிஜா அன்று முதல் ஒரு குறிப்பேட்டுடன் ஆப்பிளையும் மரத்தையும் பூவையும் பார்க்கப் புறப்படுகிறாள்.

அதே நாட்களில் மருத்துவர் அவளுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்கிறார். முதலில் பெயர்ச்சொற்கள் போகும், பின்னர் வினைச்சொற்கள் போகும் என்று விளக்குகிறார். சொற்களைத் தேடத் தொடங்கிய வேளையில் சொற்கள் விடைபெறுகின்றன. வேறொரு இயக்குநர் கையில் இது கண்ணீர்க் கதையாகியிருக்கும். லீ அதனைக் கடந்து செல்கிறார். ஏனெனில் அவர் சொல்ல வந்த கொடுமை வேறு.

இறந்த சிறுமியைப் பள்ளி மாணவர் அறுவர் பல மாதங்களாகப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கி வந்தனர். அவர்களுள் ஒருவன் மிஜாவின் பேரன். மற்றை ஐவரின் தந்தையர் உணவகத்தில் கூடி, சிறுமியின் தாய்க்கு மூன்று கோடி வோன் கொடுத்துச் செய்தியை மூடிவிடலாம், ஆளுக்கு ஐம்பது இலட்சம் என்று கணக்கிடுகின்றனர். அவர்கள் தீயோராகக் காட்டப்படவில்லை. பிள்ளைகளின் எதிர்காலம் குறித்துக் கவலையுறும் சாதாரணத் தகப்பன்மார். அதுவே அச்சம் தருகிறது. பேச்சு நடக்கையில் மிஜா எழுந்து வெளியே சென்று, சிவந்த கோழிக்கொண்டைப் பூக்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறாள். கவிதை ஆர்வம் ஒருவரைக் கொடுமையின் முன்னிலையிலிருந்து எவ்வளவு எளிதாக அப்புறப்படுத்திவிடும் என்பதை இதனினும் கூர்மையாகக் காட்டிய காட்சி அரிது. கவிதை எழுதும் எவருக்கும் அவ்விடத்தில் சிறிது கூசும்.

பெண் என்பதால் அவளையே அச்சிறுமியின் தாயிடம் சமாதானம் பேச அனுப்புகின்றனர். வயலுக்குப் போகும் வழியில் தரையில் விழுந்து கிடக்கும் ஆப்ரிகாட் பழங்களைக் காண்கிறாள். ஒன்றைச் சுவைத்துப் பார்க்கிறாள். அதைப் பற்றி எழுதிக்கொள்கிறாள். தாயைக் கண்டதும் பழங்களைப் பற்றியும் பருவத்தைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் இனிமையாகப் பேசிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். சில அடிகள் சென்ற பின்னரே வந்த காரியம் நினைவுக்கு வருகிறது. முகம் மாறுகிறது. திரும்பிச் செல்லவும் இயலவில்லை. அது நோயின் மறதியா, அழகின் மறதியா? படம் விடை கூறுவதில்லை.

ஆயினும் மிஜா அங்கேயே நின்றுவிடவில்லை. சிறுமிக்காக நடந்த திருப்பலிக்குச் சென்று அவள் நிழற்படத்தை எடுத்து வந்துவிடுகிறாள். அதைப் பேரன் உண்ணும் மேசையில் வைக்கிறாள். அவன் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியின் பக்கம் திரும்புகிறான். அவள் கூக்குரலிடுவதில்லை. சிறுமி குதித்த பாலத்திற்குச் செல்கிறாள். அங்கே அவளது வெண்தொப்பி காற்றில் பறந்து ஆற்றில் விழுகிறது. கரையில் குறிப்பேட்டைத் திறந்து அமர்கிறாள். எழுத்து வருவதில்லை, மழைத்துளிகள் வெற்றுத் தாளில் விழுந்து பரவுகின்றன. ஆப்பிளைப் பார்க்கக் கற்றவள் இப்போது ஒரு பிணத்தைப் பார்க்கக் கற்கிறாள் என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் படத்தின் நடு நரம்பு இதுவே.

முடிவைச் சொல்வது பார்ப்போருக்குச் செய்யும் துரோகம். ஒன்று மட்டும் குறிப்பிடலாம்: மாத இறுதியில் வகுப்பில் கவிதை எழுதி அளித்தவள் மிஜா ஒருத்தியே. அக்கவிதை அவளது சொந்தத் துயரத்தைப் பாடுவதன்று. யாருடைய குரலுக்கு அது இடமளிக்கிறது என்பதைத் திரையில் கேட்டறிவதே முறை.

இப்படத்தின் திரைக்கதைக்கு அரசு சார்ந்த நிதியுதவி கோரப்பட்டபோது, வடிவம் திரைக்கதை போல் இல்லையென்று ஒரு நடுவர் சுழியம் வழங்கினார். அதே எழுத்துக்கு 2010 கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது கிட்டியது. பரிசுக் குழுக்களால் புண்பட்ட கவிஞர்களுக்கு இது சிறிது ஆறுதல் தரக்கூடும். மிஜாவாக வாழ்ந்த யூன் ஜியோங்-ஹீ அறுபதுகளில் புகழின் உச்சியில் இருந்த நடிகை. நெடுங்காலம் விலகியிருந்து இதற்காகத் திரும்பினார். அவரது இயற்பெயரும் மிஜாவே. பிற்காலத்தில் அவரையும் அதே மறதி நோய் பற்றியது; 2023-இல் பிரான்சில் மறைந்தார்.

இதற்கு நேர் எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய படம், இம் குவோன்-டேக் 1993-இல் அளித்த 'சொப்யோன்ஜே'. சியோல் நகரில் மட்டும் பத்து இலட்சம் பார்வையாளரைக் கடந்த முதல் கொரியப் படம் அது. ஒருவர் பாட, ஒருவர் முரசு கொட்டக் கதை சொல்லும் பான்சோரி என்னும் மரபிசைக் கலைஞர் குடும்பம் ஊர் ஊராக அலைகிறது. மேலை இசை வந்தபின் கேட்பாரில்லை. வளர்ப்பு மகளின் குரலில் 'ஹான்' என்று கொரியர் கூறும் ஆறாத துயர் ஊற வேண்டுமென்று கருதும் தந்தை, மருந்து கொடுத்து அவள் கண்களைப் போக்கிவிடுகிறான். மலைப்பாதையில் மூவரும் பாடி ஆடி வரும் காட்சி, இடைவெட்டின்றி ஐந்து நிமிடங்கள் ஓடுகிறது. அதன் மகிழ்ச்சி, பின்னே வரும் கொடுமையை மேலும் கனக்கச் செய்கிறது. கலைக்காகப் பிறர் கண்ணைப் பறிக்கலாமா? இப்படத்தின் இசையழகு அவ்வினாவை ஓரளவு மழுப்பிவிடுகிறது என்பதே இதன் குறை. மிஜா எவர் கண்ணையும் பறிக்கவில்லை. தன் கண்ணைத் திறந்தாள்.

இதன் மூலக்கதைகளை எழுதிய யி சொங்-ஜுன்னின் வேறொரு கதையிலிருந்து பிறந்தது லீயின் 'சீக்ரெட் சன்ஷைன்' (2007). மகனைக் கொன்றவனை மன்னிக்கச் சிறைக்குச் செல்கிறாள் ஒரு தாய். அவனோ, இறைவன் தன்னை முன்பே மன்னித்துவிட்டதாக அமைதியாகக் கூறுகிறான். மன்னிக்கும் உரிமையையும் பறிகொடுத்தவளாக ஜொன் டோ-யொன் நடித்த நடிப்புக்குக் கான் விழாவின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. லீயின் 'பெப்பர்மின்ட் கேண்டி' (2000) இருபதாண்டுகளைப் பின்னோக்கிச் சொல்கிறது. தொடர்வண்டிப் பாதையில் சாக நிற்கும் ஒருவன் எவ்வாறு அவ்வாறு ஆனான் என்று தேடிச் செல்கையில், 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் படையினர் நிகழ்த்திய ஒடுக்குமுறையில் கதை சென்று முட்டுகிறது. அந்நகரில் பிறந்தவரே 2024-இல் நோபல் பரிசு பெற்ற ஹான் காங். அந்நிகழ்ச்சியைப் பற்றிய அவரது நாவலைப் படித்தவர்கள் இப்படத்தைத் தவறவிடலாகாது.

பழைய படங்களில் ஒன்றே ஒன்று: யு ஹியுன்-மோக்கின் 'ஓபல்தான்' (1961), இலக்கு தவறிய தோட்டா. போருக்குப் பின் சியோலின் குடிசைப் பகுதியில் வாழும் ஒரு கணக்கெழுத்தர், பல்வலிக்கு மருத்துவம் செய்யவும் காசில்லாமல் நாட்களைக் கடத்துகிறார். அறிவு கலங்கிய தாய் படுக்கையிலிருந்து எழுந்தெழுந்து 'போகலாம்' என்று கூவுகிறாள். எங்கே என்பதை அவளும் சொல்வதில்லை. அவ்வாண்டு மே மாத இராணுவப் புரட்சிக்குப் பின் இப்படம் தடை செய்யப்பட்டது. கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பழம்படங்கள் பலவற்றுடன் இதனையும் ஆங்கில எழுத்துரையுடன் யூடியூபில் கட்டணமின்றி வைத்துள்ளது.

வட்டத்தின் மாதக் கூட்டங்களில் ஒன்றைத் திரையிடலுக்கு ஒதுக்க இயலுமாயின் 'ஷி'யிலிருந்து தொடங்கலாம். ஓடும் நேரம் இரண்டு மணி பத்தொன்பது நிமிடம். அன்று வேறு நிகழ்ச்சி வைக்காதிருப்பது நன்று. படத்தில் பின்னணி இசை கிடையாது. இறுதியில் ஆற்றின் ஓசை மட்டும் கேட்கும். அது அடங்கும் வரை அரங்கின் விளக்கை ஏற்ற வேண்டாம்.