பலகையை மாற்றினால் சிறை மருத்துவமனை ஆகுமா?



அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் ஆண்கள் மத்தியச் சிறை என்று ஒன்று இருக்கிறது. 1963இல் திறக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில், அதை இடித்துவிட்டு அங்கே மனநல சிகிச்சை மையம் கட்டலாம் என்று கவுண்டியின் மேற்பார்வையாளர் குழு வாக்களித்தது.

நல்ல செய்திதானே என்று தோன்றும். ஆனால், சிறை ஒழிப்புக்காகப் போராடும் ஜஸ்டிஸ் எல்.ஏ. கூட்டமைப்பு அதை எதிர்த்தது. ஏன்? உள்ளே வரப்போகிறவர்கள் அப்போதும் கைதிகள்தான். பலகையில் மட்டும்தான் மருத்துவமனை.

அந்தக் கவுண்டி மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. சிறையிலோ ஏறக்குறைய பத்தில் மூன்று பேர். வீடும் மருந்தும் கிடைக்காதவரைப் போலீஸ் பிடித்துவந்த பிறகு கொடுக்கும் சிகிச்சைக்கு என்ன பெயர் வைப்பது?

பெயரை மாற்றினால் இழிவு போய்விடாது என்பதை 'ஹரிஜன்' என்ற ஒரு சொல்லிலேயே கற்றுக்கொண்டவர்கள் நாம். அந்தப் போராட்டம் நமக்குப் புரியாமல் போகாது.

போராட்டம் வென்றது. 2019 ஆகஸ்டில், சுமார் 170 கோடி டாலர் ஒப்பந்தத்தைக் குழு ரத்து செய்தது. 2020இல் வெளியான ராண்ட் நிறுவன ஆய்வு, சிறையில் மனநலப் பிரிவில் இருப்பவர்களில் 61 சதவீதம் பேர் வெளியே சமூக சிகிச்சைக்கு அனுப்பத் தகுந்தவர்கள் என்றது.

2021இல் அந்தச் சிறையை மூடவும் வாக்களித்தார்கள். ஆனால் ஆண்டுகள் கடந்தும் அது இயங்கியது. வெளியே போதிய படுக்கைகளும் வீடுகளும் உருவாகவில்லை.

எனவே தோழர்களே, சீர்திருத்தம் என்று யார் வந்து சொன்னாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சாவி யார் கையில்? பணம் எங்கே போகிறது?