சிறுநீரகத்தைக் காக்கும் ஹார்மோன் ஊசி உண்டா?

(உலகச் சிறுநீரக தினத்தையொட்டி நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் கிட்னி கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கிறது" என்று உறவினர்கள் சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதயத்தில் செய்த ஆபரேஷன் கிட்னியை ஏன் பாதிக்க வேண்டும்? அதைத் தடுக்க ஒரு ஹார்மோன் ஊசி இருக்கிறது என்கிறார்களே, அது உண்மையா? இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து சுமார் 300 கிராம்தான் இருக்கும். ஆனால் இதயம் வெளியே அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்கே போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவைச் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மீதியைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிடுகின்றன. அவ்வளவு வேலை செய்யும் உறுப்பின் உட்பகுதிக்கு, சாதாரண நாளிலேயே ஆக்ஸிஜன் மட்டுமட்டாகத்தான் கிடைக்கிறது. பெரிய ஆபரேஷன், கடும் ரத்த இழப்பு, நீர்ச்சத்துக் குறைவு, ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிப்போவது என எதனால் ரத்த ஓட்டம் குறைந்தாலும் முதலில் அடி விழுவது அங்கேதான்.

ரத்தம் திரும்பி வந்தால் சரியாகிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் வரும்போதும் ஒரு சேதம் உண்டு. வெகுநேரம் கரண்ட் போய், திடீரென்று ஹை வோல்டேஜில் வந்தால் ஃபிரிட்ஜ் கெட்டுப்போவதில்லையா, ஏறக்குறைய அப்படித்தான். பட்டினி கிடந்த செல்களுக்குள் ஆக்ஸிஜன் புகும்போது தீங்கு செய்யும் வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. வெள்ளணுக்கள் கூடி அழற்சி ஏற்படுகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும்போதும் இதே சிக்கல் வருகிறது.

இனி அந்த ஹார்மோனுக்கு வருவோம். அதன் பெயர் எரித்ரோபொய்ட்டின், சுருக்கமாக ஈபிஓ. அதைச் சுரப்பதே சிறுநீரகம்தான். ஆக்ஸிஜன் குறைந்தால் அது கூடுதலாகச் சுரந்து, எலும்பு மஜ்ஜையிடம் சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்கிறது. 1977-இல் அமெரிக்காவில் யூஜின் கோல்ட்வாசர் குழுவினர், ரத்தசோகை நோயாளிகளின் சுமார் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 1989-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ரத்தசோகைக்காகப் போடப்படும் ஊசி இதுதான்.

பிறகு இதற்கு இன்னொரு குணமும் இருப்பது தெரியவந்தது. எலியின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்து பார்த்தார்கள். ஈபிஓ கொடுத்த எலிகளின் சிறுநீரகத்தில் சேதம் குறைவாக இருந்தது. 2009-இல் தென் கொரியாவில் பைபாஸ் செய்துகொண்ட 71 பேரிடம் நடந்த சிறு ஆய்விலும், ஆபரேஷனுக்கு முன் ஊசி போட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 29 சதவீதம் பேருக்கும் சிறுநீரகப் பாதிப்பு வந்தது. நம்பிக்கை பிறந்தது.

ஆனால் அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. நியூசிலாந்தில் இரண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், சேதத்தைச் சிறுநீர்ப் பரிசோதனை மூலம் சீக்கிரமே கண்டுபிடித்து, 162 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஈபிஓ கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவு: பலன் இல்லை. இதயம் சுரக்கும் ஒரு ஹார்மோனையும் இதேபோல் சோதித்தார்கள். 1997-இல் 504 பேரிடம் நடந்த அந்த ஆய்விலும் ஒட்டுமொத்தமாகப் பலன் கிடைக்கவில்லை.

எலியிடம் பலித்தது மனிதரிடம் ஏன் பலிக்கவில்லை? ஆய்வுக்கூட எலி பொதுவாக இளமையானது, ஆரோக்கியமானது. நம்மிடமோ வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. எலிக்கு ரத்தம் நின்ற நிமிஷமும் திரும்பிய நிமிஷமும் துல்லியமாகத் தெரியும். நோயாளிக்குப் பல நேரம் அது தெரியாது. நாம் நம்பியிருக்கும் கிரியாட்டினின், பாஸ்புக் மாதிரி. பணம் போன பிறகுதான் பதிவாகும். சேதம் நடந்து ஒன்றிரண்டு நாள் கழித்தே அது நன்றாக ஏறிக் காட்டும்.

ஈபிஓ தீங்கே இல்லாத ஊசியும் அல்ல. சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ள 4,000-க்கும் மேற்பட்டோரிடம் இந்த வகை மருந்து ஒன்றைத் தொடர்ந்து கொடுத்து, ஹீமோகுளோபினை அதிகமாக உயர்த்திப் பார்த்தார்கள். 2009-இல் வெளிவந்த அந்த ஆய்வில், பக்கவாதம் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. ஆகவே "கிட்னி பாதுகாப்பு ஊசி" என்று யாராவது சொன்னால், எந்த ஆய்வின் அடிப்படையில் என்று தயங்காமல் கேளுங்கள். அதே சமயம், டயாலிசிஸில் இருப்பவர்கள் ரத்தசோகைக்காகப் போடும் ஊசியை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது வேறு காரணத்துக்காக, அளவு பார்த்துக் கொடுக்கப்படுவது.

அப்படியானால் நம் கையில் என்ன இருக்கிறது? ஊசியைவிடச் சாதாரணமான விஷயங்கள்தான்.

ஆபரேஷனுக்கோ, சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கேனுக்கோ போகும் முன் உங்கள் கிரியாட்டினின் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவையும் பட்டியலில் இருக்கட்டும். அவை சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக் கூடியவை. பிரஷர் மாத்திரையில் எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று கேளுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். வாந்தி, பேதி என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலைத் தாமதிக்காமல் குடியுங்கள். தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர், சிறுநீர் குறைந்தால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. நாளைக்கு நல்ல மருந்து வரலாம், வரட்டும். அதுவரை உங்கள் மாத்திரைப் பட்டியலை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.