பிரசவத் தையலும் அதன் பின்னான தேறுதலும்

(தாய்மார் நலக் கூட்டத்தில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குழந்தை பிறந்த செய்தி ஊருக்குப் போகும்போது ‘சுகப்பிரசவம்’ என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது. குழந்தையின் எடையைக் கேட்பார்கள். யாருடைய சாயல் என்று கேட்பார்கள். தாய்க்குத் தையல் போடப்பட்டதா, எவ்வளவு ஆழம் என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் பதில் சொல்ல நா எழுவதில்லை. ஊரில் தாயார் அருகிலிருந்து பார்த்துக்கொள்வார். ஷார்ஜாவிலோ மஸ்கட்டிலோ ஓர் அறைக் குடியிருப்பில் கணவரும் வேலைக்குச் சென்றபின், அந்த வலியுடன் அப்பெண் தனித்திருக்கிறாள்.

பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையே உள்ள தசைப்பகுதி பிரசவத்தின்போது மிகவும் விரிகிறது. முதன்முறை பிரசவிக்கும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அங்கே ஏதேனும் ஒரு கிழிசலோ சிராய்ப்போ ஏற்படுவதாகப் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி கூறுகிறது. ஆகவே இது எவருடைய குறையும் அன்று. கிழிசலை நான்கு நிலைகளாக மருத்துவர்கள் பிரிக்கின்றனர். தோல் மட்டும் கிழிவது முதல் நிலை. தசையும் கிழிவது இரண்டாம் நிலை. மலத்தை அடக்கும் சுருக்குத்தசை வரை சென்றால் மூன்றாம் நிலை. ஆசனவாயின் உட்படலமும் கிழிந்தால் நான்காம் நிலை. பின்னிரண்டும் முதல் பிரசவத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேருக்கு நேர்கின்றன. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தல், நான்கு கிலோவுக்கு மேற்பட்ட குழந்தை, நீண்ட முக்கல் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். தெற்காசியப் பெண்களுக்கு இது சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதைத் தமிழ்ப் பெண்கள் அறிந்திருப்பது நல்லது.

மருத்துவரே கத்தரித்துவிடும் முறை ஒன்றும் உண்டு. முற்காலத்தில் முதல் பிரசவம் என்றாலே கத்தரி என்றிருந்தது. எல்லோருக்கும் வழக்கமாக அவ்வாறு செய்ய வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் தெளிவாகப் பரிந்துரைத்தது. குழந்தைக்கு மூச்சுத் தடுமாறும் வேளையில் அது உயிர்காக்கும் செயல். வெறும் வழக்கத்தின் பேரில் செய்வதற்குத்தான் மறுப்பு. முக்கும் கட்டத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுப்பதையும் அந்நிறுவனம் ஏற்கிறது. இவ்விரண்டையும் பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

இந்த மண்ணின் பழங்கதை ஒன்று இங்கே பொருந்தும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வளைகுடாவின் பல ஊர்களில், பிரசவமான பெண்ணின் பிறப்பு வழியில் கல்லுப்பை வைத்து அடைக்கும் வழக்கம் இருந்தது. காயம் ஆறும், தளர்ந்த இடம் இறுகும் என்பது நம்பிக்கை. உண்மையில் உப்பு அம்மென்தோலைப் புண்ணாக்கித் தழும்பாக்கியது, பாதை குறுகியது, அடுத்த குழந்தை வெளிவர வழியின்றித் தாய்மார் துன்புற்றனர். அக்காலத்தில் இங்கு பணியாற்றிய மருத்துவர்கள் இதை எழுதி வைத்துள்ளனர். 1960இல் ஷேக் சாயித் அவர்களின் அழைப்பின் பேரில் கென்னடி மருத்துவத் தம்பதியர் அல் ஐனில் மருத்துவமனை தொடங்கினர். இத்தகைய மருத்துவமனைகள் பெருகப் பெருக அவ்வழக்கம் மறைந்தது.

அதைக் கேட்டு வியப்பவர் வீட்டிலும் வழக்கங்கள் உண்டு. பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பார்கள். கீரை, பழம் விலக்குவார்கள். இந்த வெயிலில் அது மலச்சிக்கலைத் தரும். முக்கினால் தையலுக்குக் கேடு. பூண்டுக் குழம்பு இருக்கட்டும், குற்றமில்லை. தண்ணீரும் நார்ச்சத்தும் குறையலாகாது. தையலின் மேல் மஞ்சள், வேப்பிலை விழுது எதையும் பூச வேண்டாம். கழிவறை சென்றபின் சுத்தமான நீரால் கழுவி, மென்துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாடித் தொட்டியின் நீர் குழாயில் கொதிநீராகவே வரும். கையில் பார்த்த பின்னரே பயன்படுத்துக. கைக்குழாயின் வேகத்தையும் குறைத்துக்கொள்க. பஞ்சுத் துண்டை அடிக்கடி மாற்றுக. பெரும்பாலான தையல்கள் சில வாரங்களில் தாமே கரைந்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை.

வலி நாளுக்கு நாள் கூடுதல், துர்நாற்றம், சீழ், காய்ச்சல், தையல் விட்டுப்போதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். பெரும் உதிரப்போக்கு என்றால் அமீரகத்தில் 998ஐ அழைத்து ஆம்புலன்ஸ் பெறலாம்.

மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல்கள் அறுவை அரங்கில், பெரும்பாலும் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டுச் சீர்செய்யப்படுகின்றன. பின்னர் நுண்ணுயிர்க்கொல்லியும் மலமிளக்கியும் தருவர். உடல்நிலை இடங்கொடுத்ததும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி தொடங்கலாம். பத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் வரை ஓராண்டுக்குள் தொல்லையின்றித் தேறுகின்றனர். மீதிப் பேரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமை, தாம்பத்தியத்தில் வலி ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் மறைத்து, கோயிலுக்கும் திருமணத்துக்கும் போவதை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. இதற்குச் சிகிச்சை உண்டு. உடற்பயிற்சி மருத்துவமும், தேவையானால் மறுசீரமைப்பு அறுவையும் உண்டு. ‘பிள்ளை பெற்றால் அப்படித்தான்’ என்று மூத்தவர்கள் சொல்வது ஆறுதலன்று, தடை.

மருத்துவத் தேவைக்கான இவ்வறுவையும், ‘இறுக்கித் தருகிறோம்’ என்று விளம்பரமாகும் லேசர் சிகிச்சையும் ஒன்றல்ல. அத்தகைய கருவிகளின் பாதுகாப்பு நிறுவப்படவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. கணவரின் பொருட்டு ஒரு தையல் கூடுதலாகப் போடுவதற்கும் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

இனிச் சட்டம். அமீரகத்தின் 2016ஆம் ஆண்டு மருத்துவப் பொறுப்புச் சட்டப்படி, முழுத் தகுதியுள்ள நோயாளியே தமது அறுவைக்கு எழுத்து மூலம் ஒப்புதல் தர வேண்டியவர், அவசரநிலை விலக்கு. கணவர் மொழிபெயர்த்தால் கேட்கக் கூசும் கேள்விகள் எழும். மொழிபெயர்ப்பாளரோ தமிழறிந்த செவிலியரோ கிடைப்பாரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம் தனியார் துறையில் 60 நாள் மகப்பேறு விடுப்பு அளிக்கிறது: 45 நாள் முழு ஊதியம், 15 நாள் அரை ஊதியம். பலர் அறியாதது அடுத்த விதி. பிரசவத்தால் நேர்ந்த உடல்நலக் குறைவுக்கு மருத்துவச் சான்று இருந்தால், ஊதியமின்றி மேலும் 45 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். ஆறாத தையலும் அவ்வகைக் குறைவே. ஓமானில் விடுப்பு 98 நாள், குவைத்தில் 70 நாள். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு தாள்: மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது தரப்படும் சுருக்க அறிக்கை. கிழிசல் எந்த நிலை என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் எழுதி வாங்குக. குழந்தையுடன் ஊருக்குச் செல்வோர் அதன் நகலைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்க; அடுத்த பிரசவத்தைப் பார்க்கப்போகும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.