பாரிஸின் கடனும் கொழும்பின் கோட்டையும்



பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களும் விளைவுகளும் பற்றி வெள்ளவத்தையில் ஓர் ஆய்வரங்கு என்றதும், நண்பர் ஒருவர் "இது உயர்தரச் சோதனைக் கேள்வியல்லவா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. அரசியல், சமூகம், பொருளாதாரம், கடைசியில் ரூசோவும் வோல்டேயரும் என்று நாலு தலைப்புப் போட்டு அந்த விடையை நானும் எழுதியிருக்கிறேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. ஆனால் அதில் திருகோணமலையின் பெயர் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

1782 ஜனவரியில் பிரித்தானியர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன் அதை அவர்களிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே, பிரித்தானியத் தளபதி ஹியூஸின் கப்பல்களோடு கடும் சண்டை நடந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்காகப் பிரான்ஸ் இறங்கிய போரின் கிழக்கு முனை அது. பாய்மரம், வெடிமருந்து, மாலுமியின் சம்பளம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். நிதியைப் பார்த்த நெக்கர் புது வரி போடாமல் கடன் வாங்கியே போரை நடத்தினார். 1781இல் அவர் அச்சிட்டு வெளியிட்ட கணக்கறிக்கையோ வரவு மிஞ்சியிருப்பதாகக் காட்டியது! அந்தப் போரின் மொத்தச் செலவு நூறு கோடி லிவரைத் தாண்டியது. சமாதானம் வந்ததும் திருகோணமலை ஒல்லாந்தர் கைக்கே திரும்பிப் போயிற்று. பிரான்சுக்கு மிஞ்சியது வட்டி.

1788ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைப் பாருங்கள். அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி கடனுக்கே போகிறது. அரண்மனைச் செலவு நூற்றுக்கு ஆறு அளவில்தான். மரி அந்துவானெத்தின் நகைக்கும் உடுப்புக்கும் பழி போட்டுப் பழகிய நமக்கு இது சப்பென்றிருக்கும். ஆனாலும் மன்னராட்சியைச் சாய்த்ததில் ராணியின் நகைப்பெட்டியைவிடக் கடன்பத்திரத்துக்கே பங்கு அதிகம் என்பது என் முடிபு. வட்டி கட்ட வரி வேண்டும். வரி கட்டக்கூடிய பிரபுக்களும் குருமாரும் சலுகையை விடமாட்டோம் என்றார்கள். உப்பு வரியால் ஏற்கெனவே நொந்திருந்த குடியானவனின் விளைச்சலை 1788 ஜூலை ஆலங்கட்டி மழை அழித்தது; மறு ஆண்டு பாண் விலை ஏறியது. 1614க்குப் பிறகு கூட்டப்படாத மூன்று வகுப்பார் சபையை 1789 மே 5இல் மன்னர் கூட்டியது காசு கேட்கத்தான். சபை அவரிடம் கணக்குக் கேட்டது. பஸ்டில், மனித உரிமைப் பிரகடனம், 1793 ஜனவரியில் மன்னரின் தலை என்று பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

விளைவுகளுக்கு வருகிறேன். 1795 ஜனவரியில் புரட்சிப் படைகள் உறைந்த ஆறுகளைத் தாண்டி ஒல்லாந்துக்குள் புகுந்தன. அதன் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். கியூவில் இருந்தபடி, கோட்டைகளைப் பிரித்தானியரிடம் ஒப்படைக்கும்படி பெப்ரவரியில் தம் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். இங்கே கொழும்பில் ஆளுநர் வான் ஆங்கல்பெக்கின் நிலையை எண்ணிப்பாருங்கள். அவருக்கு இப்போது இரண்டு ஒல்லாந்துகள்: ஊரைவிட்டு ஓடிய இளவரசருடையது ஒன்று, புரட்சி பெற்ற பத்தாவியக் குடியரசு மற்றொன்று. எதற்கு விசுவாசம்? அவர் தயங்கிக்கொண்டிருக்கையிலேயே ஓகஸ்டில் திருகோணமலையும் செப்டெம்பரில் யாழ்ப்பாணமும் போய்விட்டன.

கொழும்பைக் காத்து நின்றதில் பெரும்பகுதி, டி மியூரன் என்ற சுவிஸ் பிரபுவின் கூலிப்படை. சென். அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ கிளெக்ஹோர்ன் ஐரோப்பாவிலேயே அந்தப் பிரபுவைப் பேசி மடக்கி, படையைப் பிரித்தானியர் பக்கம் மாற்றினார். செய்தி பாற்கட்டிக்குள் ஒளித்து வைக்கப்பட்டுக் கொழும்புக் கோட்டைக்குள் போனதாகக் கதை உண்டு. (வரலாற்றுப் பேராசிரியர்களால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன், பெருமையோடல்ல.)

நான் கொட்டாஞ்சேனைக்காரன். 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயத்தின் தடித்த சுவர் ஓரமாகத்தான் அன்றாடம் போய்வருகிறேன். உள்ளே ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. அங்கிருந்து கிராண்ட்பாஸ் பக்கம் நடந்தால் களனி கங்கை. 1796 பெப்ரவரியில் கேணல் ஸ்டுவார்ட்டின் படை நீர்கொழும்பிலிருந்து அந்தக் கரைக்கு வந்தது. அதை எதிர்த்தது ஒரு மலாயர் படை. தலைமை தாங்கியவர் ரேமண்ட் என்ற பிரெஞ்சுக்காரர். ஒல்லாந்தக் கம்பனிக்காகப் பிரித்தானியரோடு பொருதி அவர் படுகாயமடைந்து வீழ்ந்தார். இன்று லொறிகள் நெரியும் அந்த இடத்தில் அவரைப் பற்றி ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. பெப்ரவரி 15இல் சரணடைவு கையெழுத்தாகி மறுநாள் கொழும்பு கைமாறியது.

புரட்சியின் பிரகடனம் இந்தக் கரைக்கு வரவில்லை. வந்தது வரி. சென்னையிலிருந்து பிரித்தானியர் கூட்டிவந்த அமில்தார்களும் துபாஷிகளும் தென்னை மரத்துக்கு வரி கேட்டார்கள்; 1797இல் சனங்கள் கிளர்ந்தார்கள். அதை விசாரித்த குழுவின் தலைவர் அதே சுவிஸ் குடும்பத்து டி மியூரன்! அந்த சுவிஸ் படையோ 1799இல் ஸ்ரீரங்கபட்டணத்தில் திப்புவுக்கு எதிராக, பிரெஞ்சு நட்பை நாடிய மன்னருக்கு எதிராக, நின்றது. 1802இல் ஆமியன் உடன்படிக்கை இலங்கையைப் பிரித்தானியாவுக்கு உறுதிசெய்தது.

புதுச்சேரிக்கு இந்தக் காலத்தைப் பேச ஒரு தமிழ்ச் சாட்சி உண்டு: இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பு, 1778 முதல் 1792 வரை. கொழும்பில் அப்படி ஒரு தமிழ் நாட்குறிப்பு என் கைக்கு எட்டவில்லை. ஆனால் இங்கிருந்து அரைமணிப் பயணத்தில், தேசிய சுவடிகள் திணைக்களத்தில், ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்கள் ஆயிரக்கணக்கான தொகுதிகளாக இருக்கின்றன. நம் இளம் ஆய்வாளர்களில் பத்துப் பேராவது ஒல்லாந்த மொழி கற்க வேண்டும். 1795, 1796ஆம் ஆண்டுகளின் கட்டுகளில் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் இருந்த தமிழரின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். அடுத்த அரங்கில் அந்தக் கட்டுரைகளைக் கேட்க முன்வரிசையில் நான் இருப்பேன். இப்போது முதற் கட்டுரையாளரை அழைக்கிறேன். அவருக்கு இருபது நிமிடம்.